கடித்துப் பார்த்து வாங்கிய பெட்டி

கடல் கடந்து போன ஒரு பெருச்சாளிக்கும் அதன் பெண்சாதி சொர்ணத்துக்கும், ஊர் திரும்புகிற நாளில் பை அடியோடு கிழிந்துபோச்சு. பிள்ளைகளுக்கு வாங்கின கடலையெல்லாம் துறைமுகத் தெருவில் உருண்டது. கப்பல் முதல் சங்கு ஊதிவிட்டது. மூணாவது சங்குக்குக் கிளம்பிவிடும்.

பக்கத்தில் ஒரு ஆமை பெட்டி விற்றுக்கொண்டிருந்தது.

"விலை கம்மியா, காலத்துக்கும் உழைக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க அண்ணாச்சி," என்றது பெருச்சாளி.

ஆமை ஒரு நீலப் பெட்டியை எடுத்து வைத்தது. பெருச்சாளி தட்டிப் பார்த்தது, குலுக்கிப் பார்த்தது. மனசு ஆறவில்லை. ஓரத்தில் ஒரு கடி கடித்தது. பல் இறங்கவில்லை.

"நல்ல பெட்டிதாங்க, வாங்கிட்டு வாங்க," என்றது சொர்ணம்.

"அயலூர்ச் சாமான். நாளைக்குப் பிஞ்சா இங்க வந்தா கேப்பே?"

இன்னொரு கடி. அப்பவும் இறங்கவில்லை. இரண்டாவது சங்கு ஊதியது.

"ஏங்க, பிள்ளைங்க நம்மளத் தேடி அழுமுங்க!"

"இரு புள்ள, கடைசியா ஒண்ணு."

கண்ணை மூடிக்கொண்டு பலம் கொண்ட மட்டும் கடித்தது. தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது.

"கடிச்ச பெட்டி உன் பெட்டி. காசை வை," என்றது ஆமை.

காசை வைத்து, கடலையைப் பெட்டியில் அள்ளிப் போட்டு, ஓட்டையைச் சொர்ணம் கையால் பொத்திக்கொள்ள, வழியெல்லாம் கடலை சிந்தச் சிந்த ஓடி, மூணாவது சங்கில் கப்பலேறின.

மூச்சு வாங்கிக்கொண்டே பெருச்சாளி சொன்னது: "பாத்தியா சொர்ணம்? நான் மட்டும் கடிச்சுப் பாக்கலேன்னா, இந்த ஓட்டைப் பெட்டிய நல்ல பெட்டின்னு நம்பியிருப்போம்."