காலியாகாத பேர்

"இந்தக் காலத்துல எவன் எதைச் சொல்றான்? வயித்துல இருந்தப்போ ஒரு வார்த்தை கிடையாது. பொறந்தப்புறம் 'பொண்ணு பொறந்திருக்கு, கிளம்பி வாங்க'ன்னு போன்ல ஒரே வரி. நான் என்ன, பூட்டுத் திறக்கவா வர்றேன், கூப்பிட்டதும் ஓடி வர?"

பிரசவ வார்டின் கதவைத் தாண்டும்போதே பூட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். நாற்பது வருடமாகப் பூட்டு ரிப்பேர். சாவி திரும்புகிற சத்தத்தைத் தவிர வேறு எதையும் அவர் நம்பியதில்லை.

மகன் எதிரே வந்தான். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

மருமகள் நின்றபடியே குழந்தைக்குப் பாட்டிலில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் விரிப்பைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள்.

"இதைப் பாரு. பச்சை உடம்புக்காரி படுக்காம நடமாடிட்டிருக்கா. பிள்ளைக்கு டப்பாப் பாலு. கேட்டா நாகரிகம்பீங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டு குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அவர் புலம்பல் நின்றது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"உன் ஜாடை ஒரு துளிகூட இல்லையேம்மா. மூக்கு, காது, நெத்தி எல்லாம் அப்படியே எங்க வீட்டுது. பாவம், உங்கப்பாவுக்கு ஏமாத்தம்தான்."

"ஆமா மாமா" என்றாள். பால் பாட்டிலைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

நர்ஸ் வந்தாள். மகனிடம் தணிந்த குரலில், "ஒரு ஃபாரத்துல இன்னும் பேரு காலியா இருக்கு சார். நாலு மணிக்கு ஆஃபீஸ் மூடிடுவாங்க. ரெண்டையும் சேர்த்துக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகன் கையிலிருந்த இரண்டு ஃபாரங்களையும் கட்டில்மேல் வைத்தான். "அப்பா... குழந்தைக்கு அமிர்தம்னு வைக்கலாமா?"

பூட்டுக்காரரின் முகம் இறுகியது. "புத்தி பிசகிப் போச்சாடா உனக்கு? அது யார் பேரு?"

"அக்கா பேரு."

"அவளுக்கு முன்னாடி எங்கம்மா பேரு. அதுக்கும் முன்னாடி எங்கம்மாவோட அத்தை பேரு. நம்ம வீட்டுல ஒருத்தி போய்ச் சேர்ந்தாத்தான் அவ பேரு அடுத்தவளுக்கு. எங்கம்மா செத்த மறுமாசம் உங்கக்கா பொறந்தா, வெச்சோம். உசிரோட இருக்கிறவ பேரை எடுத்து இன்னொருத்திக்கு வெச்சா, அவளை நாமே குழியில தள்ளுற மாதிரி. அந்தப் பேரு இன்னும் காலியாகல."

"தெரியும்பா. தெரிஞ்சுதான்..."

"தெரிஞ்சவன் பேசற பேச்சா இது?"

மருமகள் மெதுவாக, "அந்தப் பேருக்குச் சாவு இல்லாததுன்னு அர்த்தம் மாமா. போன்ல பார்த்தேன். சமஸ்கிருதத்துலேருந்து வந்ததாம்" என்றாள்.

"எங்கேருந்து வந்தா என்ன? எங்கம்மாவும் அதைத்தான் சொல்லும், 'எனக்குச் சாவே கிடையாது, பேரே அப்படி'ன்னு. சொன்ன வாயோட மூணு நாள் இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு."

"அக்கா போய் ஏழு வருஷமாச்சுப்பா."

"ஆகட்டும். வாசப்படி மிதிக்காதேன்னு கோபத்துல நான்தான் கத்தினேன். ரோஷக்காரி, போயிட்டா. ஆனா ஒரு கஷ்டம்னா முதல்ல எனக்குத்தான் போன் அடிப்பா. அவளுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது என் நம்பர் ஒண்ணுதான். அதுக்குத்தானே இந்த ஓட்டை போனைத் தூக்கிப் போடாம வெச்சிருக்கேன்?"

சட்டைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"அவ நம்பரை ஏத்தி வெச்சிருக்கேன். அவ கூப்பிட்டா அமிர்தம்னு பேரு வரும். எழுத்துக் கூட்டியாவது படிச்சு எடுத்துடுவேன். பேரு வராத போனை நான் தொடறதே இல்ல. நேத்து காலையிலகூட ஏதோ ஒரு நம்பர், விட்டு விட்டு மூணு தடவை. மூணையும் கட் பண்ணிட்டேன். பரிசு விழுந்திருக்குன்னு சொல்ற திருட்டுப் பசங்க."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. கட்டில்மேல் கிடந்த ஃபாரங்களில் ஒன்றைத் தூக்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். அ... மி... ர்...

"பேரை எழுதி வெச்சிட்டுத்தான் என்கிட்டே கேக்கிறியா? இப்படித்தான்டா ஏமாத்துவீங்க எல்லாரும்!"

"அது குழந்தையோட ஃபாரம் இல்லப்பா" என்றான் மகன். "குழந்தை அக்காவோடது. பெத்துப் போட்டுட்டு நேத்து மத்தியானம் உசிரை விட்டுட்டா. அப்புறம்தான் ஆஸ்பத்திரியில விலாசம் பார்த்து என்னைத் தேடிப் பிடிச்சாங்க. பிரசவத்துக்கு முன்னாடி நர்ஸோட போன்லேருந்து உங்களுக்குத்தான் மூணு தடவை அடிச்சாளாம்."

பூட்டுக்காரர் கையிலிருந்த போனையே பார்த்தார். பிறகு குழந்தையை மருமகளிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"அமிர்தம்னு பேரு வரலையேடா. இது வேற யாரோ. பிள்ளைக்கு வேற பேரு வைங்க" என்று சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் வார்டை விட்டு வெளியே நடந்தார்.