பின் சீட்டு நிபுணர்

"பின் சக்கரம் தள்ளுற காரை எடுத்துக்கிட்டு இந்தப் பனியில கிளம்புறவங்களை நான் ரெண்டு வகையாப் பிரிப்பேன், கார்லீன். ஒண்ணு முட்டாள். இன்னொண்ணு உன் புருஷன்."

பின் சீட்டின் நடுவில் சாய்ந்துகொண்டு ரூடி சொன்னார். கார்லீனின் கணவன் ரெய்னோவுக்கு அவர் அண்ணன். கார்களைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவருடைய அபிப்பிராயம். நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் பலம் போகிற தன் புத்தம்புது பிக்கப்பை, "ரயிலே நிக்கும்" என்று சொல்லி உறைந்த ஏரியின் மேல் ஓட்டிப் போய்த் தூண்டில் போட்டவர். போன செவ்வாய்க்கிழமை அந்த வண்டியை மீனுக்கே கொடுத்துவிட்டு நடந்து வீடு வந்தார்.

கார்லீன் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பதரை. நகரத்து ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணிக்கு ரெய்னோவுக்கு ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். நேற்று போனில் ரெய்னோ கேட்டது ஒன்றுதான்: "உள்ளே போறதுக்கு முன்னாடி உன்னைப் பார்த்துடணும்."

இன்னும் ஐம்பது மைல். பனி வாரும் லாரி ஒரு தடவை போயிருந்தது. அது ஒதுக்கிய இடத்தில் அதற்குள் கணுக்கால் அளவுக்கு மறுபடி விழுந்திருந்தது.

"நல்லாக் கேட்டுக்க. இன்ஜின் முன்னாடி. கனமெல்லாம் அங்கே. தள்ளுற சக்கரம் பின்னாடி. அது மேல ஒரு கனமும் கிடையாது. அப்புறம் எப்படித் தரையைப் பிடிக்கும்? நின்ன இடத்துலயே சுத்தும், வால் ஆடும். இது தெரியாம இருபது வருஷமா இதைக் கட்டிக்கிட்டு அழறான் என் தம்பி."

"இன்னொரு பாஸ்டி எடுத்துக்குங்க, பெரியத்தான். கறி நிறைய வெச்சிருக்கேன்."

கறி அடைத்துச் சுட்ட அந்த ரொட்டியை ரூடி எடுத்துக்கொண்டார். அது நான்காவது.

காலையில் அவர் வீட்டு வாசலில் நின்று, "நீங்க கூட வந்தாத்தான் போய்ச் சேருவேன்" என்று கார்லீன் கெஞ்சியிருந்தாள். "உங்க டூல் பாக்ஸையும் எடுத்துக்குங்க" என்றும் சொன்னாள். ரூடி உருகிப் போனார். அந்தக் குடும்பத்தில் பத்து வருஷமாக யாரும் அவரிடம் யோசனை கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை, அவர்தான் கேட்காமலே கொடுத்துவிடுவாரே. இரும்புப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து டிக்கியில் வைத்தார்.

"நான் முன்னாடி வந்து உட்காரட்டுமா? உனக்கு வழி சொல்லிக்கிட்டே வரலாம்."

"வேண்டாம், அங்கேயே இருங்க. உங்களுக்கு அதுதான் வசதி."

"பின்னால இருந்து கத்தறது எனக்குத்தான் தொண்டைவலி" என்றார் ரூடி. கத்துவதை நிறுத்தவில்லை.

அந்தச் சாலையிலேயே செங்குத்தான ஏற்றமான சுரங்க மேடு வந்தது. அடிவாரத்தில் இரண்டு பிக்கப்புகள் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்தன. இரண்டும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகள்.

"டயர் சரியில்லாத பசங்க" என்று தீர்ப்புச் சொன்னார் ரூடி. பிறகு மேட்டைப் பார்த்தார். குரல் இறங்கியது. "கார்லீன், நிறுத்து. நான் இறங்கி நடந்தே மேல வந்துடறேன். என் பாரம் குறைஞ்சாலாவது இந்த ஓட்டை வண்டி ஏறும்."

"கதவுல இருந்து கையை எடுங்க."

முப்பது வருஷத்தில் அவள் அவரிடம் இப்படிப் பேசியதில்லை.

"மேல போய்ச் சேர்ற வரைக்கும் அசையக்கூடாது."

இரண்டாவது கியரில் மெல்ல ஏற்றினாள். பின்பக்கம் ஒரு தடவை இடது பக்கம் நழுவியது, மறு தடவை வலது பக்கம். பயத்தில் அழுகை முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். கார் முனகிக்கொண்டே உச்சிக்கு வந்துவிட்டது.

"நான் சொன்ன மாதிரியே ரெண்டாவது கியர்ல வந்தே பாரு, அதான்" என்றார் ரூடி. கியரைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியை அடைந்தபோது மணி பதினொன்று நாற்பது. ரெய்னோவைச் சக்கரக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள். கார்லீன் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே மூச்சு வாங்க வந்த ரூடி தம்பியின் தலைமாட்டில் நின்று முழங்கினார்.

"உன் குப்பை வண்டியை இங்க கொண்டு வந்து சேர்த்தது யாருன்னு நினைக்கிறே? நான் மட்டும் இல்லேன்னா உன் பொண்டாட்டி பாதி வழியில நின்னிருப்பா."

"உண்மைதான்" என்றாள் கார்லீன். "பெரியத்தான் இல்லேன்னா வந்தே இருக்க முடியாது."

ரூடிக்கு நெஞ்சு விம்மியது. நர்ஸிடமும் அதை ஒரு தடவை சொல்லிவிட்டு, வழியில் பார்த்து வைத்திருந்த கான்டீனை நோக்கி நடந்தார்.

ரெய்னோ மனைவியைக் கிட்டே இழுத்தான். "ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, கார்லீன். டிக்கியில போடற நாலு மணல் மூட்டையும் கிழிஞ்சு போச்சே, கடையிலயும் மணல் தீர்ந்துபோச்சுன்னு சொன்னியே. பின் சக்கரத்து மேல இருநூத்தி நாப்பது பவுண்டு பாரம் இல்லாம அந்த மேட்டை எப்படி ஏறினே?"

கார்லீன் கான்டீன் பக்கம் பார்த்தாள்.

"உங்க அண்ணனே இருநூத்தி அம்பது இருப்பாருங்க. நீங்க நல்லபடியா உள்ளே போயிட்டு வாங்க, அதுவரைக்கும் அவர் சாப்பிடட்டும். திரும்பிப் போறதுக்கும் வேணும்ல."