இரண்டு கோட் சாயம்

பையின் ஒரு காது அவர் கையில். மறு காதை அந்த அம்மாள் விடுவதாக இல்லை.

நடுவில் இரண்டு கிலோ தக்காளி.

"விடுங்க அண்ணாச்சி. கல்லு மாதிரி இருக்கிற துணிப்பையக் குடுத்துட்டு பிளாஸ்டிக் கவர வாங்கிட்டுப் போக எனக்கென்ன கிறுக்கா?"

"ஒண்ணு இல்லம்மா. பத்துக் கவர் தாரேன்."

"பத்தும் சேந்தாலும் ஒரு தேங்காயத் தாங்காது. நீங்க வித்த சரக்குதான, உங்களுக்குத் தெரியாதா?"

சுற்றியிருந்த கடைக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். பேரத்தில் தோற்றால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவர் இதுவரை படிக்க நேர்ந்ததில்லை.

மணி ஒன்பதரை.

பத்தே காலுக்கு மதுரை வண்டி.

விடிந்ததும் மகள் போனில் சொன்னது இவ்வளவுதான். "இனிமே அங்க இல்லப்பா. பஸ்ஸேறப் போறேன். அம்மாகிட்ட நான் வந்து சொல்லிக்கிறேன்."

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு இந்தச் சந்தைத் தெரு ஒன்றுதான் வழி. வியாழக்கிழமை ஆட்டோ நுழையாது. நடந்துதான் வரவேண்டும்.

தெரு முழுக்க அவள் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

கனிமலர் – தினகர்ராஜ். வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்து, மேலே மாவிலைத் தோரணம். ஒரு கனிமலருக்குள் கத்தரிக்காய். சைக்கிள் ஹேண்டிலில் ஆடிக்கொண்டு, கருவாட்டு வாடையோடு ஒரு தினகர்ராஜ். இஞ்சிக்காரி சில்லறை போட்டுவைத்திருந்ததும் அவர்களுக்குள்தான்.

பதினோரு மாதத்துக்கு முன் தாம்பூலத்தோடு கொடுத்த அறுநூறு பை. ஒன்றுகூடக் கிழிந்ததாகத் தெரியவில்லை.

கிழியாது. அவர் பார்த்துப் பார்த்து வாங்கியது.

முப்பது வருஷம் பிளாஸ்டிக் கவர் மொத்த வியாபாரம் செய்தவர். கவர் என்றால் வீட்டு வாசலில் கிழிய வேண்டும், மறுநாள் ஆள் திரும்பி வர வேண்டும், அதுதான் தொழில் என்பார். அரசாங்கம் தடை போட்டது. பாதிச் சரக்கு குடோனில் படுத்தது. கல்யாணத்துக்குக் காகிதப் பை பார்த்தார். ஈர வெற்றிலை பட்டால் அடி பிய்ந்துவிடும். சம்பந்தி வீட்டார் காலடியில் தேங்காய் உருளும்.

கடைசியில் துணி.

துணி என்று ஆனபின் லேசில் விடவில்லை. கெட்டிக் கேன்வாஸ். இரட்டைத் தையல். அச்சடிப்பவரோடு ஒரு பகல் முழுக்கப் பேசி, ஒரு கோட் விலைக்கு இரண்டு கோட் சாயம் ஏற்ற வைத்தார். "நூறு தடவ துவைச்சாலும் பேரு போகாது அண்ணாச்சி, ஆள விடுங்க" என்று அந்த மனிதர் கும்பிட்டார்.

மாப்பிள்ளையை இவ்வளவு தட்டிப் பார்க்கவில்லை.

பத்து மணிக்குள் பதினோரு பைகளை மாற்றியிருந்தார். சிலர் கேலி பேசிவிட்டுக் கொடுத்தார்கள். சிலர் அவர் முகத்தைப் பார்த்து, பேசாமல் கொடுத்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. வாங்கிய பைகளைச் சுருட்டிச் சாக்கில் திணித்தார். நிமிர்ந்து பார்த்தால் தெரு அப்படியே இருந்தது.

அப்போதுதான் பேரூராட்சிக்காரர் மைக்கோடு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, தடை பண்ணுன கவர நடுச்சந்தையில வச்சு..." கவர்க் கட்டுகளைத் தூக்கி வண்டியில் போட்டார். தெரிந்த மனிதர் என்பதால் அபராதம் எழுதவில்லை. எழுதியிருக்கலாம். அதற்குப் பதிலாக, போகிற ஒருவர் கையிலிருந்த பையை வாங்கி உயரத் தூக்கிப் பிடித்தார்.

"பொதுமக்களே! பிளாஸ்டிக் மக்காது, மாடு தின்னுட்டுச் சாகும். காகிதம் நனைஞ்சா போச்சு. இந்தா பாருங்க, நம்ம அண்ணாச்சி வீட்டுக் கல்யாணப் பை! கனிமலர் – தினகர்ராஜ்! வருஷம் ஆகப் போகுது, அப்படியே இருக்கு!"

சந்தை கை தட்டியது.

அவர் சாக்கைப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

வண்டி நின்றிருந்தது. அவள் கடைசியாக இறங்கினாள். அவளை அனுப்பும்போது பின்னால் ஒரு லாரி நிறையச் சீர் போனது. இப்போது பெட்டியில்லை, சூட்கேஸ் இல்லை.

கையில் ஒரு வெள்ளைத் துணிப்பை.

எழுத்து எதுவும் தெரியவில்லை. அதுவரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டார்.

பக்கத்தில் வந்ததும் ஓரத்தில் நூல் பிசிறு தெரிந்தது. உள்ளே இருக்க வேண்டிய இரட்டைத் தையல் வெளியே இருந்தது.

பையை உள்வெளியாகப் புரட்டியிருந்தாள்.

புரட்டியும் முழுதாக மறையவில்லை. சாயம் துணியில் ஊறி இந்தப் பக்கம் வந்திருந்தது. இரண்டு பேரும் இடவலம் மாறி, இளஞ்சிவப்பாக.

"கேட்டேன்ப்பா. வேற பை இல்லன்னுட்டாங்க."

அவர் பையை வாங்கிக்கொண்டார். எழுத்து மார்பில் படியும்படி அணைத்துப் பிடித்தார். முப்பது வருஷப் பழக்கம், கை தன் போக்கில் எடை பார்த்தது.

மூன்று கிலோகூட இல்லை.

சந்தைப் பக்கமிருந்து மைக் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் தலையை நிமிர்த்தி அந்தத் தெருவைப் பார்த்தாள். பிறகு, கல்யாணத்துக்கு முன் எந்த வியாழக்கிழமையும் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"வீட்டுக்கு எதுவும் வாங்கணுமாப்பா? பையில இடம் இருக்கு."