மயிலுக்குப் போட்ட பாட்டு

கொல்லையில் உட்கார்ந்து மடவை மீனுக்குச் செதில் சுரண்டிக்கிட்டு இருந்தேன். போன் அடித்தது. கையெல்லாம் செதில். புறங்கையால் தள்ளி எடுத்து, வெளியே கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"ஜெனிட்டா, பெரிய அத்தான் பேசறேன்மா."

கிளமென்ட் அத்தான். என் வீட்டுக்காரருக்கு அண்ணன். பெங்களூரில் ஹெவி மெட்டல்ங்கிற இரைச்சல் பாட்டுப் பாடுகிறவர். அவங்க குழு ஆரம்பிச்சப்ப நான் பிறக்கவே இல்லை. இப்போ நாலு பேருக்கும் தலை நரைச்சாச்சு. ஒருத்தருக்கு நெஞ்சில் ஆபரேஷன்கூட ஆயிருக்கு.

"புது ஆல்பம் கேட்டியா? கிழவனுங்க பாடின மாதிரியா இருக்கு?"

"இல்லைங்க அத்தான். முன்னாடி போட்டதைவிட வேகமா இருக்கு. தூளியில பாப்பா முழிச்சுக்குது."

சிரித்தார். சட்டென்று நிறுத்தினார்.

"அப்பா கேட்டாராம்மா?"

மீனைத் திருப்பிப் போட்டுச் சுரண்டினேன்.

அத்தானைப் பெத்த அத்தை செத்தப்ப இவர் எங்கேயோ வெளிநாட்டு மேடையில் இருந்தார். அடக்கம் முடிஞ்சுதான் வந்து சேர்ந்தார். அன்னையிலேர்ந்து மாமா இவர்கிட்ட பேசறதில்லை. இப்போ ஒரு ஸ்பீக்கர் வாங்கி, அதில் பாட்டையும் போட்டு அப்பாவுக்குன்னு அனுப்பியிருந்தார். மாமா அதைப் புரட்டிப் பார்த்துட்டு, "இந்தக் கூச்சல் மயில் வெரட்டத்தான் ஆகும்"னு சொல்லி, கதிர் முத்தின வயலில் கம்பு நட்டுக் கட்டிட்டார்.

"பெத்த புள்ள கொரலைப் போயி வயக்காட்டுப் பொம்மைக்குப் பதிலா நட்டு வச்சிருக்காரே. கல்லு மனசுடி உன் மாமனாருக்கு!" என்று அன்னைக்கே பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி அக்கா வாயில் கை வைத்துக்கொண்டது.

"என்னம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேங்க. பாட்டு கேக்குது அத்தான்… வயல்ல. மயில் வந்து கதிரைக் கொத்துதுன்னு மாமா ஸ்பீக்கரை அங்க கட்டி வச்சிருக்காரு."



"மயில் ஓடுச்சா?"

"ஓடுச்சுங்க."

"சரி. மயிலாவது கேட்டுச்சே." தொண்டையைச் செருமினார். "இதான்மா எங்களுக்குக் கடைசி. இனிமே ஒடம்பு தாங்காது. அதான் இருக்கற தெம்பையெல்லாம் போட்டுக் கத்தினோம். அவர் ஒரு தடவையாவது… விடு. அறுத்ததும் அதைக் கழட்டித் தூக்கிப் போட்டுடு. அறுப்பு எப்போ?"

என் கை மீன்மேல் அப்படியே நின்றுவிட்டது.

மெஷின் வந்து அறுத்துட்டுப் போயாச்சு. வைக்கோலும் ஏத்தியாச்சு. இந்த வருசம் உளுந்துகூடத் தெளிக்கலை. வெறும் தாள் கட்டைதான், மயில் கொத்த ஒரு மணி இல்லை. ஆனா மாமா தினமும் டீ குடிச்சதும் மயில் வெரட்டத்தான் போறார். நானும் டம்ளரை வாங்கிக் கழுவிக்கிட்டு இருக்கேன். ஒரு நாள்கூட யோசிக்கலை.

"போன வாரமே அறுத்தாச்சுங்க அத்தான்."

"அப்ப அந்த ஸ்பீக்கர்?"

"இன்னும் வயல்லதாங்க. மாமாவும் அங்கதான். வரப்புல துண்டை விரிச்சுக்கிட்டு…"

அவங்க இங்கிலீஷில் கத்தறது எதுவும் எனக்குப் புரியாது. கடைசிப் பாட்டில் மட்டும் ஒரு "அம்மா" வரும். பெட்டியைக் குழியில் இறக்கின பிறகு ஓடி வந்தவன் கூப்பிடுற மாதிரி இருக்கும். அதைச் சொல்லலாம்னு வாயெடுத்தேன்.

கொல்லைப் படல் திறக்கிற சத்தம். ஸ்பீக்கரைக் கைக்குழந்தை மாதிரி மாரோடு அணைச்சுக்கிட்டு மாமா வந்தார்.

"ஜெனிட்டா! இது நின்னுபோச்சும்மா. சார்ஜரை எங்க வச்ச? சீக்கிரம் வா. அவன் ஆத்தாளைக் கூப்புடற எடத்துல நின்னுபோச்சு."

போனில் அத்தானுடைய மூச்சு மட்டும் கேட்டது.

"இந்தா வரேன் மாமா" என்று எழுந்தவள், செதில் கையோடு போனையும் எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன்.