வருஷத்துக்கு ஒரு கம்பு

"மறுபடியும் அதே கம்புதானா?"

அஃபோனியின் கையிலிருந்த தூண்டில் கம்பைப் பார்த்ததும் மத்ரோனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வடக்கே குளிர்க்கடல் தீவான கோடியாக்கின் துறைமுகத்தில் மீன்பிடிச் சாமான் விற்கும் அந்தக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள் அவள். மே மாதம் ஹாலிபட் மீன் கரைப்பக்கம் ஏறி வந்தால் போதும், பக்கத்து வீட்டு அஃபோனி கம்பு வாங்க வந்து நின்றுவிடுவான்.

"ஹாலிபட்டுக்கு இது தாங்கும்தானேக்கா?"

"ஏன் தாங்காது? குட்டையா, தடியா, நல்ல ஃபைபர் கம்பு. படகு விளிம்புல இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. போன வருஷம் வாங்கினதும் இதேதானே? அதுக்கு முந்தின வருஷமும் இதேதானே? அதெல்லாம் எங்க?"

அஃபோனி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "இருந்துச்சு..."

"இருந்துச்சு! தம்பி, அது கடலடியில படுத்துக் கிடக்கிற மீனு. கிணத்துல வாளி இழுக்கிற மாதிரி நிதானமா தூக்கணும். நீ விசுக்குன்னு இழுத்து உடைச்சுட்டு வர்ற. ரெண்டு பிள்ளை வச்சிருக்கிறவன், வருஷா வருஷம் கம்புக்கே கொட்டி அழுதா எப்படி?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "அவன் வாங்கலைன்னா நீங்க கடையை மூட வேண்டியதுதான்" என்றான் ஒருவன். அஃபோனியும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

"என் கைராசி அப்படிக்கா. எப்படியும் புதுக் கம்புல முதல் மீன் உங்க வீட்டுக்குத்தானே வருது."

"அது முறை." மத்ரோனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "புதுக் கம்புல ஏறின முதல் மீனைப் பிடிச்சவன் தின்னக்கூடாது. ஆம்பளை இல்லாத பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கணும். என் வீட்டுக்காரரும் கொடுத்தவர்தான். முறைன்னு வந்தா வாங்கிப்பேன். மத்தபடி யாரும் எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்."

அது ஊருக்கே தெரியும். கணவன் கெராசிம் இறந்து, படகும் கைவிட்டுப் போன அந்த முதல் குளிர்காலத்தில், தேவாலயத்துக்காரர்கள் அவள் வாசலில் மீன் வைத்துவிட்டுப் போனார்கள். பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தவள் அவள். கடைச் சம்பளம் வாடகைக்கும் விறகுக்கும் சரியாகப் போய்விடும். அந்த ஒரு முதல் மீனை உப்புக்கண்டம் போட்டுத்தான் குளிர்காலம் முழுக்க அவள் சமைத்துச் சாப்பிடுகிறாள். அதுவும் கடவுள் கிருபையால் ஒவ்வொரு வருஷமும் ஆள் உயரத்துக்கு வந்துவிடுகிறது.

அஃபோனி பர்ஸை எடுத்தான். மத்ரோனா கம்பை அவன் கையிலிருந்து பிடுங்கி மறுபடி சுவரில் மாட்டினாள்.

"இந்த வருஷம் உனக்கு இதை விக்கறதா இல்ல. சாயங்காலம் வீட்டுக்கு வா."

சாயங்காலம் சாமி படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றும்போதே அவளுக்கு உறுத்தியது. நாலு பேர் முன்னால் அவனை அப்படிப் பேசியிருக்க வேண்டாம். அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அவன் வந்ததும் உள்ளே போய், இத்தனை நாள் யாரையும் தொடவிடாத ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள்.

"கெராசிமோட கம்பு. அவர் காலம் பூரா உழைச்சது. இனிமே உன்னுது. கடைப்பக்கம் வராதே."

அஃபோனி அதைக் கொள்ளிக்கட்டையை வாங்குவது போல வாங்கினான்.

"அக்கா... இது பழசாச்சே."

"பழசுதான். அதனாலதான் உடையல."

"இல்லக்கா, புதுசுன்னா..."

"புதுசுல என்ன தங்கமா ஒட்டியிருக்கு? கொண்டுபோ."

அவன் ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனான். மத்ரோனாவுக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் காலையில் அவன் மனைவி ஸெனியா கடைக்குள் வந்தாள். கையில் கெராசிமின் கம்பு.

"என்னம்மா, என் வீட்டுக்காரர் கம்பு உன் புருஷனுக்குக் கௌரவக் குறைச்சலா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. நேத்துலேர்ந்து அவருக்குச் சாப்பாடே இறங்கல. இதை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு முழிக்கிறார்."

"என்ன பண்றதா? மீன் பிடிக்கிறது."

ஸெனியா சுற்றிலும் பார்த்தாள். கடையில் வேறு யாரும் இல்லை.

"எங்க ஷெட்டுல ஏற்கெனவே நாலு கம்பு நிக்குதுக்கா. ஒண்ணுகூட உடையல."

"உடையலையா? அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் வந்து என்கிட்ட திட்டு வாங்கிட்டுப் போறான்?"

"பழைய கம்புல ஏறுன மீனைக் கொண்டுவந்தா நீங்க வாங்குவீங்களா?"

மத்ரோனா சுவரில் தொங்கிய கம்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுலயும், சின்னது மாட்டினா முள்ளைக் கழட்டித் திரும்பக் கடல்லயே விட்டுடறார். கேட்டா, அது முதல் மீன்ல சேராதாம். பெரிசு ஏறுற வரைக்கும் மழையில நடுங்கிக்கிட்டுப் படகுல உக்காந்திருக்கிறது நான்தானே!"

கெராசிமின் கம்பைக் கல்லாமேல் பதமாக வைத்துவிட்டு, ஸெனியா சுவரில் தொங்கிய அந்த வழக்கமான கம்பை எடுத்தாள்.

மத்ரோனா எழுந்து வந்தாள். ஸெனியாவின் கையிலிருந்து கம்பை வாங்கி, இருந்த இடத்திலேயே மாட்டினாள். ஸெனியாவின் முகம் விழுந்துவிட்டது.

"வேண்டாமாக்கா?"

மத்ரோனா குனிந்து கீழ்த்தட்டில் தேடி, கடையிலேயே விலை குறைந்த கம்பை உருவி எடுத்தாள். அதன்மேலிருந்த தூசியைத் தன் மேலங்கி நுனியால் துடைத்து, ஸெனியாவின் கையில் வைத்தாள்.

"இதைக் கொண்டுபோய்க் கொடு. ஒரு மீனுக்கு இது போதும்."