வெர்லன் பேசிய பேரம்

ஆலங்கட்டி மழையில் வெர்லனின் கூரை சல்லடையாகிவிட்டது. புதுக்கூரைக்குப் பதினெட்டாயிரம் டாலர் வரை தருவதாக இன்ஷூரன்ஸ் கம்பெனி எழுதியிருந்தது. ஓக்லஹோமாவில் முப்பது வருடம் சோபா விற்றவர் சும்மா விடுவாரா? பேரம் பேசி மிச்சம் பிடித்தால் மீன்பிடிக்க ஒரு படகு!

“பதினெட்டாயிரமா? கூரை போட வந்தியா, என்னை மொட்டையடிக்க வந்தியா தம்பி? பதிமூணாயிரம்தான் தருவேன்!” என்றார் வெர்லன்.

“பதிமூணுக்குக் கட்டுப்படியாகாது அண்ணே!” என்றான் கூரைக்காரன் டஸ்டி.

“என் கடையில இருக்கிற தோல் சோபாவையும் தூக்கிட்டுப் போ!”

டஸ்டி மடங்கினான். வேலை முடிந்து பில் போனதும் இன்ஷூரன்ஸ் பெண் போன் செய்தாள்.

“பில்லுல இருக்கிற பதிமூணாயிரம்தான் சார் தருவோம்.”

“அப்போ மிச்சம் அஞ்சாயிரம்?”

“எங்களுக்குத்தான்! உங்க தெருவுல இன்னும் நாற்பது கூரை போயிருக்கு. அதுக்கும் நீங்களே பேசித் தர்றீங்களா சார்?”