பிரஷர் முள்

"மிஷின் வேண்டாம் சிஸ்டர். பிரஷரைக் கையால பாருங்க" என்றார் மேட்ரன்.

அவள் மிஷினைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்டெத்தை எடுத்தாள்.

அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ் ஓய்வு பெற்றிருந்தார். அடுத்தது அவள்தான் என்று வார்டைப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை கூடவே இருந்து வேலையைப் பார்த்துவிட்டுத்தான் மேட்ரன் சம்மதம் சொல்வார். இன்று காலையிலிருந்து நிழல் மாதிரி கூடவே வந்துகொண்டிருந்தார்.

ஊசி போட்டாள், கட்டுப் பிரித்துக் கட்டினாள், மருந்து கொடுத்தாள். எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. இது மட்டும் அப்படியில்லை. இதற்குக் காது வேண்டும்.

கொஞ்ச நாளாகவே காது சரியில்லை. வீட்டில் புருஷன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "மகாராணி காதுல விழுந்தாத்தானே" என்று எழுந்து போய்விடுவான். அவளும் சிரித்து மழுப்பிவிடுவாள். காது டாக்டரிடம் போகலாம்தான். போனால் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பதெல்லாம் உண்டு என்று ஆகிவிடும்.

வார்டில் மிஷின் இருந்ததால் பிழைப்பு ஓடியது. மிஷின் மக்கர் பண்ணும் நாட்களில் வேறொரு வழி வைத்திருந்தாள். ஸ்டெத்தை ஒப்புக்குக் காதில் மாட்டிக்கொண்டு, பார்வையை அளவு காட்டும் முள்மேல் வைத்திருப்பாள். காற்றை இறக்கும்போது, துடிப்பு தொடங்குகிற இடத்தில் முள் லேசாகத் துள்ளும். ஏறக்குறைய அதை வைத்துச் சொல்லிவிடலாம். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கட்டிலில் ஒரு தையற்காரர். நேற்றுதான் வயிற்றில் ஆபரேஷன் முடிந்திருந்தது. கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கட்டும் என்று மெதுவாகக் கையை எடுத்துப் பட்டையைச் சுற்றினாள். கை ஈரமாக இருந்தது. தன் உள்ளங்கை வியர்வைதான் என்று நினைத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மேட்ரனின் கண் அவள் விரல்களை விட்டு நகரவில்லை.

ரப்பர் பந்தை அழுத்தினாள். முள் ஏறியது. திருகை மெல்லத் திறந்தாள்.

முள் இறங்கியது. துள்ளவில்லை. எண்ணெயில் வழுக்குவதுபோல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

காதிலும் ஒன்றும் இல்லை.

மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே கதை. இருந்திருந்து இன்றைக்குத்தானா இந்த முள்ளும் கைவிட வேண்டும்? மேட்ரன் நாற்காலியில் முன்னே நகர்ந்து உட்கார்ந்தார்.

நூற்றிருபதுக்கு எண்பது. நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லிவிட்டால் போதும். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்?

தையற்காரரின் விரல்கள் அவள் மணிக்கட்டைத் தொட்டபடி கிடந்தன. அதை உதறிவிட்டுப் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"மேடம்... எனக்கு ஒண்ணும் கேக்கல."

சொல்லிவிட்டாள். இனி வார்டும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்காவது மூலையில் உட்கார்ந்து பஞ்சு மடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மேட்ரன் எழுந்து தன் ஸ்டெத்தை மாட்டிக்கொண்டு குனிந்தார். திருகைத் திறந்தார். அவர் முகம் மாறியது. தையற்காரரின் கன்னத்தைத் தட்டினார். இமையை விலக்கிப் பார்த்தார்.

"டாக்டரைக் கூப்பிடுங்க! உள்ள ரத்தம் கசியுது போல, பிரஷரே இல்ல!"

அப்போதுதான் அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். வெளிறிப்போய், நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. இவ்வளவு நேரமும் தன் காதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததில் கைக்கு மேலே ஒரு மனிதர் இருப்பதையே மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கை தானாக வேலை செய்தது. கால் பக்கம் கட்டிலை உயர்த்தினாள். சலைன் ஏற்றினாள். டாக்டர் ஓடி வந்தார். தையற்காரரைத் தள்ளிக்கொண்டு தியேட்டருக்கு ஓடினார்கள். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள், ஆள் தப்பித்துவிடுவார் என்று பின்னால் தகவல் வந்தது.

மேட்ரன் அவள் தோளில் கை வைத்தார். "வேற யாரா இருந்தாலும் வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லிட்டுப் போயிருப்பாங்க. நாளையிலேருந்து வார்டு உங்களோடது."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேட்ரனுக்கும்தானே கேட்கவில்லை! அப்படியென்றால் தன் காதில் கோளாறே இல்லை. வார்டு இரைச்சலில் வீணாகப் பயந்து செத்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

அடுத்த கட்டிலில் கால் முறிந்து கிடந்த லாரி டிரைவர் கூப்பிட்டான். "எனக்கும் பாருங்க சிஸ்டர். இதையெல்லாம் பாத்து நெஞ்சு டமடமங்குது."

தாராளமாகப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தாள். கட்டுமஸ்தான கை. பட்டை போதாமல் இழுத்துச் சுற்ற வேண்டியிருந்தது. கூட்டம் கலைந்து வார்டு அடங்கியிருந்தது. மின்விசிறிகூட ஓடவில்லை. ரப்பர் பந்தை அழுத்தித் திருகைத் திறந்தாள்.

முள் துள்ளியது. ஒவ்வொரு துடிப்புக்கும் அழகாக, தெளிவாகத் துள்ளியது.

காதில் ஒன்றும் இல்லை.

டிரைவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்லக் கையில் ஒரு எண் இருந்தது. அநேகமாகச் சரியான எண்தான்.

அவள் ஸ்டெத்தைக் கழற்றினாள். எழுந்து வராந்தாவுக்கு ஓடினாள். மேட்ரன் கோடிக்குப் போய்விட்டிருந்தார்.

"மேடம்!"

மேட்ரன் திரும்பினார். சிரித்தபடி ஏதோ கேட்டார். உதடு அசைவது தெரிந்தது.

வழக்கம்போல் தலையாட்டிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவள் நின்றாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மேடம்" என்றாள்.